விடுதியின் பேயும் மனத்தின் பேயும்: ‘தி ஷைனிங்’ நாவல் படமான வரலாறு

ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவல் 1977இல் வெளிவந்தது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய படம் 1980இல் திரைக்கு வந்தது. குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும் மலை விடுதிக்குக் காவலாளாக மனைவி வெண்டி, மகன் டேனியுடன் செல்லும் ஜாக் டாரன்ஸ், கடைசியில் அவர்களையே கொல்லத் துணிகிறான். கதைச்சரடு இரண்டுக்கும் பொதுவே என்றாலும், அச்சத்தின் ஊற்று நாவலில் விடுதியிலும் படத்தில் ஜாக்கின் மனத்திலும் இருக்கிறது. இந்த இடமாற்றமே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

நாவலின் தோற்றம்

1974இல் கிங் தம்பதியர் கொலராடோ மாநிலத்தின் ஸ்டான்லி ஹோட்டலில் தங்கினர். பருவம் முடிந்து விடுதி மூடப்படவிருந்ததால் அங்கு வேறு விருந்தினர் அநேகமாக இல்லை. அவர்கள் தங்கிய 217ஆம் எண் அறை நாவலிலும் இடம்பெற்றது. குடிப்பழக்கத்தோடு போராடிய கிங், தம் அச்சங்களையே ஜாக்குக்குக் கொடுத்தார். அவன் குடியை விட்டவன், வேலை இழந்த ஆசிரியர், போதையில் மகனின் கையை முறித்த குற்றவுணர்வில் வேகும் தந்தை. மெல்ல மெல்ல அவனைத் தன்வயப்படுத்தும் விடுதியே கதையின் வில்லன். தோட்டத்தில் விலங்கு வடிவில் கத்தரிக்கப்பட்ட செடிகள்கூட உயிர்பெற்று நகர்கின்றன. முடிவில் ஒரு கணம் தன்னிலை திரும்பும் ஜாக், மகனை ஓடிவிடச் சொல்கிறான். கவனிக்கப்படாத கொதிகலன் வெடித்து விடுதி அவனோடு அழிகிறது.

திரைக்கதையில் நேர்ந்த மாற்றம்

கிங் எழுதிய திரைக்கதையைக் குப்ரிக் பயன்படுத்தவில்லை. நாவலாசிரியர் டயான் ஜான்சனோடு சேர்ந்து புதிதாக எழுதினார். பழக்கமானதே அந்நியமாகி அச்சுறுத்தும் உணர்வு குறித்த ஃபிராய்டின் கட்டுரையையும், தேவதைக் கதைகளின் உளவியலை விளக்கும் புரூனோ பெட்டல்ஹைமின் நூலையும் இருவரும் படித்தனர். ஜாக்கின் முன்கதை பெருமளவு வெட்டப்பட்டது. நகரும் செடிகளின் இடத்தில் வேலிச்செடிகளால் ஆன புதிர்ப்பாதை வந்தது. டேனியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் தோழனும் நாவலில் வருங்கால டேனியே ஆனவனுமான ‘டோனி’, படத்தில் சிறுவன் தன் விரலை அசைத்துக் கரகரத்த குரலில் பேசும் இன்னொரு ‘நான்’ ஆகிறான்.

காட்சிகளின் அமைப்பு

குப்ரிக் பேய்களை ஒழித்துவிடவில்லை. அவை உண்மையா என்பதற்கான சான்றைத்தான் தள்ளிப்போட்டார். மதுக்கூடத்திலும் செந்நிறக் கழிவறையிலும், நாவலின் 217க்குப் பதிலாகப் படத்தில் வரும் 237ஆம் எண் அறையிலும் ஜாக் காணும் உருவங்களுக்கு அருகே கண்ணாடி இருக்கிறது. தன்னோடுதான் பேசிக்கொள்கிறானோ என்று பார்வையாளர் ஐயுற இடமிருக்கிறது. வெண்டி அவனை உணவுக் கிடங்கில் அடைத்துத் தாழிட்டபின் அந்த ஐயம் உடைகிறது. இறந்துபோன முன்னாள் காவலாளான கிரேடியின் குரல் வெளியிலிருந்து கேட்கிறது. அடுத்துத் தாழ் விலகும் ஓசை. அதை மனப்பிரமை எந்த வகையிலும் விளக்காது. ஆனால் அதற்குள் ஜாக்கின் கொலைவெறி முற்றிவிட்டிருக்கிறது. பேய் இங்கே கதவைத் திறக்கிறது, அவ்வளவே.

காரெட் பிரவுன் இயக்கிய, அதிர்வின்றிப் படமெடுக்கும் ஸ்டெடிகேம் கருவி, முச்சக்கர வண்டி ஓட்டும் டேனியின் பின்னால் தரையையொட்டிச் செல்கிறது. விடுதியின் தாழ்வாரங்களே ஒரு புதிர்ப்பாதையாகின்றன. செடிகளின் பாதையில் வழி தவறி ஜாக் உறைந்து சாவதும் இதன் நீட்சியே. 1921ஆம் ஆண்டு விருந்துப் புகைப்படத்தில் அவன் முகம் தெரியும் இறுதிக் காட்சி, தீர்ந்ததாகத் தோன்றிய கேள்வியை மீண்டும் எழுப்புகிறது.

எதிர்ப்பும் இணக்கமும்

கிங் படத்தை வெளிப்படையாகக் குறைகூறினார். ஜாக் நிக்கல்சன் நடித்த நாயகன் தொடக்கத்திலேயே பித்தனாகத் தெரிவதால், நல்லவனின் வீழ்ச்சி என்ற துயரம் தொலைந்துவிட்டது என்பது அவர் வாதம். அந்த வாதம் நியாயமானதே: நாவலின் ஜாக் இரக்கத்தைக் கோருகிறான், படத்தின் ஜாக் அதை மறுக்கிறான். 1997இல் கிங்கே எழுதிய தொலைக்காட்சித் தொடர் ஸ்டான்லி ஹோட்டலிலேயே படமாகி, நாவலை நெருக்கமாகப் பின்பற்றியது. 2013இல் அவர் ‘டாக்டர் ஸ்லீப்’ என்ற தொடர்ச்சி நாவலை எழுதினார். அதை 2019இல் படமாக்கிய மைக் ஃபிளனகன், குப்ரிக்கின் விடுதியை மறுபடி எழுப்பி, முதல் நாவல் முடிந்தபடியே கொதிகலன் அறையிலிருந்து எரியச் செய்தார். குப்ரிக் விட்டுவிட்ட முடிவு, அவர் உருவாக்கிய அரங்கிலேயே திரைக்கு வந்தது.