கண்டிச் சீமைக் குளிரும் ஒரு கறுப்புக் கம்பளியும்



கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் நம் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். வாசலில் முழங்கால் அளவு பனி, வெப்பமானியில் மைனஸ் 24. அதற்குக் கீழே இன்னொரு பிள்ளை, "நல்லவேளை சார், நம்ம பட்டுக்கோட்டைக்காரன் எவனும் குளிர்ல செத்ததில்ல" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை வைத்திருந்தார். செத்திருக்கிறார்கள், தம்பி. நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் நம் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் பக்கத்துச் சீமைகளிலிருந்தும் போனவர்கள், பனி விழாத ஒரு மலையில் மாண்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர் அதில் இரண்டைப் பனிக்கே கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. "தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும்" என்ற சொலவடை உங்கள் வீட்டிலும் புழங்கியிருக்கும். ஆனால் நம்மூரில் மார்கழி விடியற்காலையில் 20, 21 பாகைக்கு வந்தாலே காதில் துண்டைக் கட்டிக்கொள்வோம். வானிலைத் துறை, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பம் 10 பாகைக்குக் கீழே போனால்தான் குளிர் அலை பற்றி யோசிக்கவே தொடங்கும். மலைப்பகுதிக்கு அது சுழியம். இந்த அளவுகோலை மட்டும் பார்த்தால் நமக்கும் குளிர்ச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை.

உடம்புக்கு வேறு கணக்கு. உள்வெப்பம் 37 பாகையை ஒட்டி இருக்கவேண்டும். 35க்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ ஆபத்து. முதலில் நடுக்கம் வரும். நடுக்கம் என்பது தசைகள் அடுப்பெரித்துச் சூடு உண்டாக்குவது. அந்த அடுப்புக்கு விறகு, தின்ற சோறு. சோறு இல்லை என்றால் விறகு இல்லை. இன்னும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும், பேச்சு குழறும், தூக்கம் வரும். சுற்றியிருப்பவர்கள் "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இதற்குச் சுழியப் பாகை வேண்டியதில்லை. நனைந்த துணி, காற்று, காய்ந்த வயிறு மூன்றும் சேர்ந்தால் 10, 15 பாகையே போதும். ஈரத்துணி, காய்ந்த துணியைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கண்டிச் சீமைக்கு வாருங்கள்.

இன்று பட்டுக்கோட்டை என்றால் தென்னையும் நெல்லும் என்று நினைக்கிறோம். புதாறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல்தான் வந்தது. அதற்கு முன் நம் வட்டத்தின் பெரும்பகுதி ஏரியையும் வானத்தையும் நம்பிய மேட்டுப் புஞ்சை. கும்பகோணத்துக்காரர்கள் காவிரியில் குளித்துக்கொண்டிருந்தபோது இங்கே கேழ்வரகும் வரகும்தான். மழை பொய்த்தால் பண்ணையாளுக்கு வேலை இல்லை. இலங்கையில் ஆங்கிலேயர்கள் 1830களில் காடழித்துக் காப்பி நடத் தொடங்கியபோது கங்காணிகள் ஆள் தேடி வந்தது தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களுக்கு. 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது கங்காணி தேடவே வேண்டியிருக்கவில்லை, ஜனங்களே கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு நடந்தார்கள்.

அம்மாபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று நம் கடலோரத்துச் சிறு துறைகளில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடை. வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். வழியெல்லாம் காய்ச்சலும் வாந்திபேதியும். விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தார்கள். பாதை முடியும் மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் அம்மனுக்கு நன்றி சொல்லிக் கும்பிட்ட இடம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

சரி, பிழைத்து வந்துவிட்டார்கள். இனிமேல்தான் நம் விஷயம்.

அவர்கள் இடுப்பில் இருந்தது ஒரு முழத்துண்டோ புடவையோ. நம் புழுங்கல் வெயிலுக்கு அது போதும். காப்பித் தோட்டமோ இரண்டாயிரம் அடியிலிருந்து ஐயாயிரம் அடி வரை உயரத்தில். பழம் பறிக்கும் காலம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டி. அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். நாள் முழுக்க நனைந்துகொண்டே வேலை, இரவில் அதே ஈரத்தோடு மண் தரையில் படுக்கை. நடையில் ஏற்கெனவே வயிற்றுக்கடுப்பு பிடித்த உடம்பு. வெறுங்காலில் நடந்ததால் கொக்கிப்புழு ஏறி இரத்தம் வற்றிய உடம்பு. நான் மேலே சொன்ன அடுப்பில் எரிக்க என்ன விறகு இருந்திருக்கும்?

1840களில் இப்படிப் போனவர்களில் எழுபதாயிரம் பேர் வரை இறந்திருப்பார்கள் என்று 1849இல் 'கொழும்பு அப்சர்வர்' பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்த எண் மிகை என்போரும் உண்டு, ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இறந்தவர்கள் எல்லோரையும் குளிர்தான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். காலரா, வயிற்றுக்கடுப்பு, மலைக்காய்ச்சல், பட்டினி எல்லாம் உண்டு. அன்றைய மருத்துவமனைக் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு காரணம் 'பலவீனம்'. இந்தச் சொல்லைத்தான் நான் நெடுநாளாகச் சந்தேகிக்கிறேன். பலவீனம் என்பது ஒரு நோயா? பசித்த, நனைந்த, போர்வையில்லாத ஓர் ஆள் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் ஏட்டில் என்ன எழுதுவார்கள்? குளிருக்கு அந்த ஏட்டில் தனிப் பத்தி கிடையாது.

இதே குளிரைத் தேடிப் போனவர்களும் இருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். தை, மாசி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போவது அங்கே சாதாரணம், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். 1820களின் கடைசியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே நோயுற்ற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேற ஓய்வில்லம் அமைத்தார். பிற்பாடு நைல் நதியைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 1840களில் அந்த ஊருக்குப் போனதும் காய்ச்சலிலிருந்து தேறுவதற்குத்தான்; பிடித்துப்போய் அங்கேயே குடியேறிப் பண்ணை வைத்தார். நம் பக்கத்து ஊட்டியும் அப்படித்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறிப் பார்த்து மகிழ்ந்தார். ஒரே மலை, ஒரே தை மாதம். கம்பளிச் சட்டை, காலுறை, கணப்படுப்பு, மாட்டிறைச்சி சூப் இருந்தவனுக்கு அந்தக் குளிர் மருந்து. முழத்துண்டுக்காரனுக்கு அது எமன்.

நம் பாடப்புத்தகத்தில் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததை வருஷா வருஷம் நடத்தினேன். கடையெழு வள்ளல்களில் ஒருவன், பழனி மலைப்பக்கத்துத் தலைவன். நானும் உருகி உருகித்தான் நடத்தினேன். கண்டி மலையில் போர்வை எப்படிக் கிடைத்தது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. தோட்டத்தில் கொடுத்தது முரட்டு ஆட்டுமயிரில் நெய்த கறுப்புக் கம்பளி. கொடுத்தது என்பதுகூடத் தவறு. அதன் விலை தொழிலாளியின் பேரில் பற்று எழுதப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று கங்காணியிடம் கடன் ஏறும். சம்பளம் பல மாதம் தள்ளித்தான் வரும், வரும்போது இவையெல்லாம் கழிந்துபோகும். உயிரைக் காக்கும் ஒரே பொருள், அதுவும் கடன். குடும்பத்துக்கு ஒன்று வாங்கி நாலு பேர் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள்.

1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இலேயே தேயிலை நட்டிருந்தார். இந்த மாற்றம் குளிர் விஷயத்தில் பெரிய மாற்றம். காப்பிக்கு ஆள் பருவத்துக்குத்தான் வேண்டும், பெரும்பாலும் ஆண்கள் போய் வந்தார்கள். தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கக் கிள்ளவேண்டும். அதுவும் உயரமான மலையில் விளைவதற்கே விலை அதிகம். ஆகவே பெண்களும் கைக்குழந்தைகளும் கிழவர்களும் மேலே போய், அங்கேயே தங்கினார்கள். குளிர் முதலில் பதம் பார்ப்பது இந்த இரண்டு ஓரத்தைத்தான். சிசுவுக்கு உடம்பு சிறிது, சூடு சீக்கிரம் போய்விடும். முதியவருக்கு நடுக்கமே சரியாக வராது, குளிர்வதே தெரியாது.

வீடு என்பது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, தகரக் கூரை, வரிசையாக. உள்ளேயே அடுப்பு, சூட்டுக்கும் அதுதான், சமையலுக்கும் அதுதான். புகை போக வழி வைத்தால் குளிர் வரும், அடைத்தால் புகை நெஞ்சில் இறங்கும். விடிவதற்குள் தப்பு அடித்துவிடுவார்கள், பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்கவேண்டும். கம்பளியைத் தலையிலிருந்து முதுகுக்கு விட்டு, அதன் மேல் கூடையை மாட்டி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிப் பெண்கள் மலையேறுவார்கள். மழையில் நனைந்தால் அந்தக் கம்பளி ஒரு பிள்ளையின் கனம் கனக்கும். ஆனாலும் ஆட்டுமயிருக்கு ஒரு குணம், நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். பருத்திக்கு அது கிடையாது. அந்த முரட்டுத் துணி காப்பாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று மலையகத்தில் இருப்பவர்கள்.

எங்கள் அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று இருந்தது. அவருடைய அண்ணன் கண்டியிலிருந்து கொண்டுவந்தது. நாங்கள் பிள்ளைகள் அதைத் தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். "அரிக்குதுன்னு சொல்றியே, இது இல்லாமதான் அவன் பொண்டாட்டியும் புள்ளையும் அங்கேயே போய்ட்டாளுவ" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் சொல்லமாட்டார். 

ஆனைமலையிலும் இதே கதைதான். டாக்டர் பி. எச். டேனியல் அங்கே தோட்ட மருத்துவராக இருந்து கேட்டறிந்ததை 1969இல் நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்திருக்கிறது. படிக்காதவர்கள் படியுங்கள்.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளவேண்டும் என்று முடிவானது. நூறு வருஷத்துக்கு முன் சூட்டு ஊரிலிருந்து குளிர் மலைக்கு ஏறியவர்களின் வாரிசுகள், மண்டபம் முகாமில் வந்து வெயிலில் வெந்தார்கள். அவர்களில் பலருக்குத் தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான் என்பதால் அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது; அதுவே பிறகு டான்டீ ஆயிற்று. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் என்று மறுபடியும் மலை, மறுபடியும் லயம். இன்றும் மார்கழி, தையில் ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் சுழியத்துக்குக் கீழே போவதையும் புல்வெளி வெள்ளையாவதையும் தொலைக்காட்சியில் அழகாகக் காட்டுகிறார்கள். அந்தப் புல்வெளியைத் தாண்டி ஒரு பெண் ஆறரை மணிக்கு வேலைக்குப் போவதைக் காட்டுவதில்லை.

நம்மூரிலேயே ஒருமுறை கண்ணால் பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது. தென்னையெல்லாம் சாய்ந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஓடு பறந்து, நனைந்த துணியோடு ஜனங்கள் பள்ளிக்கூடங்களில் ஒதுங்கினார்கள். இரண்டாம் நாள் ஒரு முதியவள் சுவரோரம் சுருண்டு கிடந்தார். பேச்சு குழறியது. எல்லோரும் காய்ச்சல் என்றார்கள். வந்த நர்சம்மா வெப்பமானியை மூன்று முறை வைத்துப் பார்த்தார். பாரன்ஹீட்டில் 94. காய்ச்சலுக்கு நேர் எதிர்! ஊரில் அப்போது 22, 23 பாகைக்குக் குறைந்திருக்காது. ஈரப் புடவையை மாற்றி, தலையைத் துவட்டி, இரண்டு சாக்கைச் சுற்றி, இரண்டு பெண்களை ஒட்டி உட்காரவைத்து, சர்க்கரை போட்ட வெந்நீரை மெல்ல மெல்லக் கொடுத்தார்கள். ராத்திரிக்குள் "எம் மாடு என்னாச்சு" என்று கேட்டுவிட்டார். அன்றுதான் கண்டி மலை எனக்கு முழுசாக விளங்கியது.

வெளிநாட்டுப் பிள்ளைகளே, உங்கள் ஊரிலும் இதே கணக்குத்தான். 2021 பிப்ரவரியில் டெக்சாசில் கடுங்குளிரில் மின்சாரம் போனபோது 246 பேர் இறந்ததாக அந்த மாநில அரசே கணக்கிட்டது. பனிக்கு வெளியே போனவர்கள் மட்டும் அல்ல. சூடு நின்றுபோன தன் வீட்டிலேயே இருந்தவர்கள், மூடிய வீட்டில் கரியையும் ஜெனரேட்டரையும் எரித்து நச்சுப்புகையில் போனவர்கள் எல்லாம் அதில் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் போகும் நம்மவர்களும் அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அந்தப் புகைக்கு மணமே கிடையாது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பெட்டியில், கண்டிக்குப் போனவர்களின் கடிதம், தோட்டத்துத் துண்டுச் சீட்டு, பித்தளைத் தகடு, கம்பளி ஏதாவது கிடந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்று பெரியவர்களைக் கேட்டு அதோடு எழுதுங்கள். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களை முதலில் கேளுங்கள். அப்பாயியின் கம்பளியை எங்கள் வீட்டில் யாரும் வைத்திருக்கவில்லை.