மலிவான ஓவர்டைம் - பிரிட்டன் இளம் டாக்டர்களின் கதை

ஓவர்டைம் என்றால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கூலி என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளின் இளம் டாக்டர்களுக்கு ஒரு காலத்தில் கிடைத்தது, சாதாரண கூலியில் மூன்றில் ஒரு பங்குதான்!

1975-ல் சுகாதார அமைச்சராக இருந்தவர் பார்பரா காசில். கூடுதல் நேரத்துக்குத் தனிச் சம்பளம் தரும் ஒப்பந்தம் அப்போது தயாரானது. ஆனால் சம்பள உயர்வுக்கு அரசு உச்சவரம்பு போட்டிருந்ததால் புதிதாகப் பணம் இல்லை. இருப்பதையே பிரித்தால் பலருக்கு நஷ்டம். நவம்பரில் போராட்டம் வெடித்தது. பல இடங்களில் அவசர சிகிச்சை மட்டுமே நடந்தது. கடைசியில் ஓவர்டைம் வந்தது, மலிவு விலையில்.

விளைவு? புதிய டாக்டரை நியமிப்பதைவிட, இருப்பவரையே இன்னொரு இரவு நிறுத்துவது நிர்வாகத்துக்கு லாபம். 1980-களில் வாரம் 80 மணி நேரத்துக்கு மேல் டியூட்டி சகஜம். அந்தத் தூக்கமில்லாத டாக்டரை நம்பித்தான் நோயாளி படுத்திருந்தார். 1991-ல் நேர வரம்புக்கு உடன்பாடு வந்தும், பல மருத்துவமனைகளில் அது ஏட்டளவில்தான்.

2000 டிசம்பரில் வந்த ஒப்பந்தம் கணக்கை மாற்றியது. வரம்பை மீறும் பணிகளுக்குக் கூடுதல் தொகை. 2002-ல் அது அடிப்படைச் சம்பளம் அளவுக்கே உயர்ந்தது. நீண்ட டியூட்டி இப்போது செலவு! டியூட்டி பட்டியல்கள் மாறத் தொடங்கின.

2016-ல் இங்கிலாந்தில் அந்த முறையை நீக்கும் ஒப்பந்தத்தை எதிர்த்து மீண்டும் ஸ்டிரைக். ஏப்ரல் 26, 27 தேதிகளில் அவசரப் பிரிவையும் விட்டு இளம் டாக்டர்கள் வெளியேறினர். அந்த ஒப்பந்தத்திலும் நேரம் மீறினால் மருத்துவமனைக்கு அபராதம் என்ற விதி சேர்க்கப்பட்டது.

வேண்டுகோளுக்கு அசையாத நிர்வாகம் செலவுக்கு அசைந்தது. இந்தக் கதை சொல்லும் பாடம் அதுதான்.