பிடி அரிசி போட்டவர்கள்

திருநெல்வேலிக் கிறிஸ்தவச் சபையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் குளோரிந்தாவில் தொடங்குவார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. 1778-இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-இல் பாளையங்கோட்டையில் கோயில் கட்டினார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்த அம்மாளிடம் பொருள் இருந்தது, கொடுத்தார். அவருக்குப் பின்னால் சபைக்கு வந்த பனையேறிகளும் கூலிக்காரர்களும் தங்களைவிட இல்லாதவர்களுக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

அன்றைக்குக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவனுக்கு முதலில் பறிபோனது குடியிருப்பு. குடிசையைப் பிரித்தெறிந்து ஊரைவிட்டே துரத்தினார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் சாத்தான்குளம் பக்கத்தில் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கினார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரும் அதே வழியில் போனார். டோனா என்ற ஜெர்மானியப் பிரபு பணம் அனுப்ப, 1827-இல் டோனாவூர் எழுந்தது. ஊருக்கு ஊர் ஒரு பிரபு கிடைப்பாரா? 1830 வாக்கில் தர்ம சங்கம் வந்தது. சபையாரே காசு சேர்த்து, நிலம் வாங்கி, அண்டி வந்தவர்களைக் குடிவைத்தார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில், 1877-ஐ ஒட்டி, கால்டுவெல் ஐயர் போன்ற மிஷனரிகள் நிவாரணத்தில் இறங்கியபோது சனங்கள் கூட்டங்கூட்டமாகச் சபைக்கு வந்தார்கள். ‘சோற்றுக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனமும் கூடவே வந்தது. பசித்தவனுக்கு முதலில் சோற்றைப் போடு, எதற்கு வந்தான் என்று அப்புறம் விசாரிக்கலாம் என்பது உபதேசியாராக இருந்த எங்கள் தாத்தாவின் கட்சி. எனக்கும் அதே கட்சிதான்.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் பெண்களின் பங்கு அடுக்களையில் நடந்தது. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அதுதான் பிடி அரிசி. வீட்டில் குறைவென்றால் பிடியும் சிறுக்கும், நின்றுபோகாது. எங்கள் ஆச்சி, ஆள் கணக்குப் பார்த்துப் போடும் நாளிலும் கலயத்தை மறந்ததில்லை. “நம்ம சோத்துல ஒரு வாய் குறைஞ்சா என்ன, செத்தா போவோம்?” என்பாள். ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைக் கொட்டானில் கோயிலுக்குக் கொண்டுபோவாள். புழுங்கலும் பச்சையும், பழசும் புதுசும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அந்த அரிசியில் சோறு ஒருபோலே வேகாது. ஆனாலும் ஆராதனை முடிந்து ஏலம் விட்டால் எடுக்க ஆள் உண்டு. ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் அந்தப் பணம் போகும்.

வெள்ளாளன்விளைக்காரரான அசரியாவும் நண்பர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். பெரிய துணிச்சல் என்று அதைப் புகழ்கிறார்கள். கலயங்கள் அடுக்களையில் இருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது என் எண்ணம்.

இப்போது காணிக்கைக்குக் கவர் வந்துவிட்டது. மேலே பெயர் எழுதும் இடமும் உண்டு. கொடுத்தவர் பட்டியல் அச்சாகிறது. பிடி அரிசிக்கு யாரும் பெயர் எழுதியதில்லை. ஏலத்துக்குக் குவித்தபிறகு தன் அரிசி எது என்று ஆச்சியாலேயே சொல்ல முடியாது.