தற்செயலும் தெய்வச் செயலும்: கிழக்குக் கரையில் ஓர் அருட்பணி வரலாறு

எதிர்பாராது நிகழும் ஒன்றைக் குறிக்கத் தமிழில் இரண்டு சொற்கள் அருகருகே வழங்குகின்றன. ஒன்று தற்செயல், மற்றொன்று தெய்வாதீனம். வண்டி தவறியவன் தற்செயலாகத் தவறினேன் என்பான். அவ்வண்டி வழியிற் குடைசாய்ந்தது என்று கேட்டபின், தெய்வாதீனமாகத் தப்பினேன் என்பான். நிகழ்ச்சி ஒன்றே, அதைப் பெயரிடும் சொல் மட்டும் மாறிவிட்டது. இச்சொல் மாற்றத்திற்கு நியாயம் உண்டா என்பதே சமயச் சிந்தனையின் பழைய வினாக்களுள் ஒன்று.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தொடரும் கிழக்குக் கரையில் இவ்வினா நாள்தோறும் எழுவது. அங்கே ஓர் ஊரின் வேலியும் அடுத்த ஊரின் வேலியும் ஒன்றாகவே இருக்கும். முஸ்லிம் மீனவர் கடலுக்குப் புறப்படுகையில் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பார். இந்துக் கமக்காரர் விதைப்பு முடிந்ததும் அம்மன் அருள் என்பார். கிறிஸ்தவர் தேவ சித்தம் என்பார். நாளைய வாணிபத்தைத் திட்டமிடுவோர் ஆண்டவர் சித்தமானால் என்று சொல்லிக்கொள்ள வேண்டும் எனப் புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபமும் அறிவுறுத்துகின்றது. மூவர் மொழியும் வேறாயினும் மூவரும் தலைவணங்கும் இடம் அருகருகே உள்ளது. எனினும், அன்றாட நிகழ்ச்சிகளில் இறைவனின் வழிநடத்துதலை ஒரு கிறிஸ்தவன் எவ்வாறு இனங்காண்பது என்ற கேள்விக்கு, இக்கரைக்கு வந்த மெதடிஸ்த அருட்தொண்டரின் வரலாறு தனியானதொரு விடை தருகின்றது.

மெதடிஸ்த இயக்கத்தின் தந்தையாகிய ஜோன் வெஸ்லி 1703ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தவர். 1709ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், எப்வர்த் என்னும் ஊரில் அவருடைய தந்தையாரின் குருமனை தீப்பற்றி எரிந்தது. ஐந்து வயதுச் சிறுவன் வெஸ்லி மேன்மாடத்தில் அகப்பட்டுக்கொண்டான். ஏணி கொண்டுவர நேரமில்லாமையால் ஒருவர் தோள்மீது மற்றொருவர் ஏறி நின்று, சாளரத்தின் வழியே குழந்தையை வெளியே எடுத்தனர். சற்றுநேரத்தில் கூரை சரிந்து வீழ்ந்தது. தாம் ஏதோ ஒரு நோக்கத்திற்காகவே காக்கப்பட்டோம் என்னும் எண்ணம் வெஸ்லியின் வாழ்நாள் முழுதும் நிலைத்திருந்தது.

இந்த எண்ணம் சிலவேளை அவரை விசித்திரமான வழிகளிலும் செலுத்தியது. 1737ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் இருந்தபோது, ஒரு பெண்ணை மணப்பதா, அன்றி அந்நினைவை விடுவதா என்று அறியத் திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்த்தார். அதை இனி நினையாதே என்னும் சீட்டே வந்தது. 1739இல் பிரிஸ்டல் நகருக்குப் போவதையும் இவ்வாறு சீட்டினாலேயே நண்பர்கள் தீர்மானித்தார்கள். ஆயின் அதே வெஸ்லி, பிற்காலத்தில் கனவையும் மனத்தின் வேகத்தையும் இறைவனின் கட்டளையென்று கொள்வோரைத் தம் பிரசங்கங்களிற் கடுமையாக எச்சரித்தார். திருமறையின் போதனை, பகுத்தறிவு, அனுபவம் ஆகியவற்றைக் கொண்டே இறைவனின் சித்தத்தை ஆராய வேண்டும் என்பது அவருடைய முதிர்ந்த கருத்து. இறைவன் உலகைப் பொதுவாகப் புரக்கிறான், தனித்தனி உயிரைக் கவனியான் என்று கூறுவோரையும் அவர் மறுத்தார். ஆகவே இறைவன் சிறு நிகழ்ச்சியிலும் செயற்படுகிறான் என்பது ஒரு நம்பிக்கை; அச்செயலை எளிதிற் படித்துவிடலாம் என்பது மற்றொரு நம்பிக்கை. முன்னதை வெஸ்லி இறுதிவரை விடவில்லை. பின்னதை அவர் மெல்ல மெல்லக் கைவிட்டார்.

வெஸ்லியின் துணைவராகிய தோமஸ் கோக் என்பவரின் வாழ்வில் இவ்வினா கடலின் வடிவிலே தோன்றிற்று. 1786ஆம் ஆண்டில் மூன்று ஊழியருடன் அவர் வட அமெரிக்காவின் நோவா ஸ்கோசியாவுக்குக் கப்பலேறினார். புயல் இடைவிடாது மோதியது. இப்போதகரே புயலுக்குக் காரணம் எனச் சினந்த கப்பல் தலைவன் அவருடைய தாள்களைக் கடலில் வீசினான் என்பர். கப்பல் திசைமாறி, அந்த ஆண்டு நத்தார் தினத்தன்று மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய அன்டிகுவாவை அடைந்தது. கரையிறங்கி நடந்தபோது எதிர்ப்பட்டவர் ஜோன் பக்ஸ்டர் என்னும் கப்பல் தச்சர். அடிமைகளான கறுப்பின மக்கள் ஏராளமானோரைக் கொண்ட மெதடிஸ்த சபையொன்றை நடத்திவந்த அவர், அன்றைய ஆராதனைக்குச் சென்றுகொண்டிருந்தார். நோவா ஸ்கோசியாவுக்கென வந்த ஊழியர் மேற்கிந்தியத் தீவுகளில் நிலைத்தனர். காற்றின் குழப்பம் ஒரு பெரும் பணியின் வாயிலாயிற்று.

இந்நிகழ்ச்சியில் இறைவனின் கையைக் காண்பது கோக்குக்கு எளிதாயிருந்தது. ஆனால் இருபத்தேழு ஆண்டுகளின் பின் நடந்தது அத்துணை எளிதன்று. இலங்கைக்கும் கீழ்த்திசைக்கும் அருட்பணியாளரை அனுப்ப வேண்டும் என்று 1813ஆம் ஆண்டில் அவர் வேண்டியபோது, பணமில்லை என்றனர் சபையார். தம் சொந்தப் பொருளிலிருந்து 6,000 பவுண் வரை தருவதாக அவர் முன்வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதி இளம் ஊழியருடன் இரு கப்பல்களில் போட்ஸ்மவுத் துறைமுகத்தினின்று புறப்பட்டார். வழியில், ஊழியருள் ஒருவரான வில்லியம் ஓல்ட் என்பவரின் இளம் மனைவி காலமானார். 1814 மே 3ஆம் திகதி காலை, இந்து சமுத்திரத்தின் நடுவே, கோக் தம் அறையில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். உடல் கடலிலே அடக்கம் செய்யப்பட்டது.

தலைவரை இழந்த இளைஞருக்கு மற்றொரு துன்பமும் காத்திருந்தது. பணியின் நிதிப் பொறுப்பு முழுவதும் கோக்கின் பெயரிலேயே இருந்தது. அவருடைய பெட்டிகளைத் துருவிப் பார்த்தும், அந்த நிதியைத் தாம் பெறுவதற்குரிய பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. முன்பின் அறியாத பம்பாய்த் துறைமுகத்தில், கையிற் காசின்றி இறங்கும் நிலை. அவ்வேளை கப்பல் தலைவர் பேர்ச் என்பவர் பம்பாயிலிருந்த ஆங்கிலப் பிரமுகர் ஒருவரை அவர்களுக்கு அறிமுகம் செய்தார். இலண்டனிலுள்ள சங்கத்தின் பொறுப்பில் வேண்டிய பணத்தை முற்கடனாகத் தர அவர் இசைந்தார். அவருடைய குடும்பப் பெயர் ‘மணி’; ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பணம் என்பது பொருள். 1786இல் ஒரு கப்பல் தலைவன் போதகரின் தாள்களைக் கடலில் எறிந்தான். 1814இல் மற்றொரு கப்பல் தலைவர் போதகர்களின் கைக்குப் பணம் வர வழிசெய்தார். இளைஞர் இதனை இறைவனின் பராமரிப்பு என்றே கொண்டனர்.

ஆனால் நேர்மையான வரலாறு இங்கே சற்று நிற்க வேண்டும். பணம் கிடைத்தது தெய்வச் செயலென்றால், கோக் இறந்தது யாருடைய செயல்? ஓல்டின் மனைவி இறந்தது யாருடைய செயல்? இலாபத்தை இறைவன் கணக்கிலும் நட்டத்தைக் கடலின் கணக்கிலும் எழுதும் கணக்கப்பிள்ளையை எந்த முதலாளியும் நம்பமாட்டார். இடுக்கண் வந்தபோதும் அதே கண்ணாற் பார்க்க இயலுமா என்பதே நம்பிக்கைக்குச் சோதனை.

அச்சோதனை கிழக்குக் கரையில் தொடர்ந்தது. 1814 ஜூன் மாத இறுதியில் காலியை அடைந்த ஊழியர், அரசாங்கம் ஆங்கிலப் பாடசாலைகளுக்கு உதவ முன்வந்ததை அறிந்து, செல்லவேண்டிய இடங்களை வகுத்தனர். இறைவேண்டலின் பின் வாக்கெடுத்துத் தீர்மானித்தனர் என்று கூறப்படுகின்றது. லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணத்திற்கும், ஏர்ஸ்கின் மாத்தறைக்கும் ஒதுக்கப்பட்டனர். கிளவ் காலியில் தங்கினார். மனைவியை இழந்த ஓல்டுக்கு, துணையின்றித் தனியே செல்லும்படி வாய்த்தது மட்டக்களப்பு. இன்றைய கல்முனையும் அதனைச் சூழ்ந்த கரைவாகுப் பற்றும் அக்காலத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்தனவே. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான்.

1814 ஆகஸ்ட் மாதத்திற் புளியந்தீவில் இறங்கிய ஓல்ட் தமிழ் கற்றார், பாடசாலைகள் தொடங்கினார், பிரசங்கித்தார். 1815 ஏப்ரல் முதலாந் திகதி இறந்தார். அவர் பணி செய்தது ஏறக்குறைய எட்டு மாதங்களே. புயலையும் வறுமையையும் தாண்டி வந்த வழிநடத்துதல், ஒரு கல்லறையிற் போய் முடிந்ததாகவே அன்றையோர்க்குத் தோன்றியிருக்கும். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814ஆம் ஆண்டிலிருந்து எண்ணுவதையும், ஓல்டின் உருவச்சிலை அந்நகரில் நிற்பதையும் இன்றையோர் காண்கின்றனர். ஓல்ட் கண்டதில்லை. இறைவனின் வழிநடத்துதல் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கையிலேயே தெரிகின்றது. அதிலும், திரும்பிப் பார்ப்பவர் வழிநடந்தவராகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

இதற்கு ஒரு சான்று பிற்காலத்திலும் உண்டு. ஓல்டுக்குப் பல்லாண்டு பின்னர் மட்டக்களப்பில் ஊழியஞ் செய்தவர் ரல்ஃப் ஸ்டொட். தமிழை நன்கு பயின்ற அவர் இலங்கைப் பணி முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கே தமிழால் ஆவதென்ன? ஆனால் 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் 300க்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளுடன் தென்னாபிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த அம்மக்களுட் பலர் தமிழர். அவர்கள் மொழி அறிந்த போதகர் ஒருவர் தேவைப்பட்டபோது, மட்டக்களப்பிலே தமிழ் கற்ற ஸ்டொட் 1862இல் அங்கே சென்றார். வாவிக்கரையிற் கற்ற மொழி, கரும்புத் தோட்டத்திற் பயன்பட்டது. கற்ற நாளில் அதன் பயனை அவர் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

கல்முனையிலும் இத்தகைய ஒரு நிகழ்ச்சி உண்டு. 1892ஆம் ஆண்டிற் காரைதீவிலே பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் ஆங்கிலம் கற்கச் சென்றது கல்முனையிலிருந்த மெதடிஸ்த மிசன் பாடசாலைக்கு. அச்சிறுவனே பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் ‘யாழ் நூல்’ தந்த சுவாமி விபுலாநந்தர். பாடசாலை அமைத்த கிறிஸ்தவர் எதிர்பார்த்த விளைவு இதுவன்று. தம் கணக்குப் பிழைத்தது என்று அவர்கள் கருதவும் கூடும். ஆனால் இறைவனின் கணக்கு ஒரு சபையின் இடாப்புக்குள் அடங்குவதன்று என்று நம்புவோர், இதிலும் ஒரு நன்மையைக் காண்பர்.

இக்கரையின் முஸ்லிம் மக்களின் மரபும் இவ்வாறே பேசுகின்றது. 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயரால் தம் ஆட்சிப் பகுதியினின்று துரத்தப்பட்ட முஸ்லிம்கள் பலரைக் கண்டி மன்னன் செனரத் கிழக்குக் கரையிற் குடியேற்றினான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அன்று அகதிகளாய் மூட்டையுடன் நடந்தவர்க்கு அது பேரிடர். அவர்களுடைய சந்ததியார்க்கோ, இக்கரையே சொந்த மண்.

இவ்வளவும் ஆறுதல் தரும் கதைகள். ஆயின் எக்கதையாலும் ஆற்ற முடியாத ஒரு நாள் இக்கரைக்கு வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். காலையில் எழுந்த ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களின் கரையோரத்தை வாரிச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அதுவே. அன்று காலை ஏதோ அலுவலாய் மேற்கே சென்றவர் பிழைத்தார், வீட்டிலிருந்தவர் மறைந்தார். பிழைத்தவர் தெய்வாதீனம் என்றார். அது நன்றியின் சொல்; அதைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. ஆனால் அச்சொல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த அயலவளின் முற்றத்தில் நின்று எவரும் உரக்கச் சொல்லலாகாது.

கிறிஸ்தவ மறையே இதற்கு வழிகாட்டுகின்றது. சீலோவாமிலே கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரினும் பாவிகளோ என்ற எண்ணத்தை இயேசு மறுத்தார் என்று லூக்கா எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது. மாண்டவர் தண்டிக்கப்பட்டவரல்லர் என்றால், பிழைத்தவர் பரிசு பெற்றவருமல்லர். அவ்வாறாயின் பிழைத்ததன் பொருள் யாது? பழைய ஏற்பாட்டிலே விதவையாகிய ரூத், கதிர் பொறுக்கத் தற்செயலாகச் சென்ற வயல் போவாசுடையது. அவள் அங்குச் சென்றதோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் தற்செயலே. போவாஸ் அந்த அயல்நாட்டுப் பெண்ணுக்கு இரங்கியபோதுதான் அது தெய்வச் செயலாயிற்று. பேர்ச் என்னும் கப்பல் தலைவர் இளைஞரைத் தம் வழியே போகவிட்டிருந்தாலும், ஸ்டொட் முதுமையைக் காட்டி மறுத்திருந்தாலும், அந்நிகழ்ச்சிகளிற் படிப்பதற்கு ஒன்றுமிராது.

எனவே தற்செயலில் இறைவனைத் தேடும் கிறிஸ்தவன் மூன்றைச் சீர்தூக்க வேண்டியவனாகிறான். தனக்கு நேர்ந்தது திருமறையின் அன்புக்கு இசைந்ததா? அதைத் தன் ஆசையன்றி அறிவும் ஒப்புகின்றதா? அது தன்னைப் பிறர் துயரின்பால் அழைக்கின்றதா? தன்னை மேலானவன் என்று எண்ணச் செய்யும் அடையாளம் பொய்யடையாளம். தன்னிடம் ஒரு கடனை விட்டுச் செல்லும் அடையாளமே மெய்யானது.

ஆழிப்பேரலையின் பின்னர் இக்கரையில் சோற்றுப் பொதியை நீட்டிய கைகள் எச்சமயத்தன என்று பசித்தவர் வினவவில்லை. தப்பியவர் தப்பியதன் காரணத்தை அறியார், அறியவும் இயலாது. ஆனால் தப்பிய உயிரை எங்கே செலவிடுவது என்பது அவர் கையில் இருந்தது. தற்செயல் தெய்வச் செயலாக மாறும் இடம் அதுவே.