ஓர் ஆலிமின் பெயர் கலைக்களஞ்சியத்தில் ஏற என்ன வேண்டும்?



நமது பிள்ளைகள் எதையும் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கும் காலம் இது. தேடிக் கிடைக்காவிட்டால் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அதனால்தான் உன்னிச்சையிலும் சுற்றூர்களிலும் உள்ள இளைஞர்கள், "நமக்கு ஓதித்தந்த ஆலிம்களின் பெயர் ஏன் விக்கிப்பீடியாவில் இல்லை? நாமே எழுதிப் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பதில் சொல்வதற்கு முன், யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முன்னோர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று பார்ப்போம்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. டமஸ்கஸ் நகரின் தலைமைக் காழியாக இருந்த இப்னு கல்லிகான் (1211-1282) 800க்கும் மேற்பட்டவர்களின் வரலாற்றை ஒரே நூலில் தொகுத்தார். 1256இல் தொடங்கிய வேலை 1274இல்தான் முடிந்தது. அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று கவனிக்கத்தக்கது: மௌத்தான ஆண்டு தெரிந்தவர்களையே சேர்ப்பது. ஸஹாபாக்களை அவர் சேர்க்கவில்லை. அவர்களைப் பற்றி ஏற்கெனவே போதிய நூல்கள் இருந்தன. ஆக, ஒருவர் பெரியவரா என்பதோடு, அவரைப் பற்றிய செய்தியை உறுதிப்படுத்த முடியுமா என்பதையும் அவர் பார்த்தார்.

இமாம் ஸகாவி (மறைவு 1497) வேறு வழியில் போனார். ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களைப் பற்றி 12 பாகங்கள் எழுதினார். கடைசிப் பாகம் முழுக்கப் பெண்களுக்கே உரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஹதீஸ் அறிவித்த பெண்களும் அவர்களுள் அடக்கம்.

தமிழுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் வெளியிட்ட 'அபிதான கோச'மும், 1910இல் வந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி'யும் நம் மொழியின் முன்னோடிக் கலைக்களஞ்சியங்கள். புராண, இலக்கியப் பெயர்களே அவற்றின் மையம். நமது புலவர்களையும் ஆலிம்களையும் தேடி எடுக்கும் வேலை வேறு சிலருக்காகக் காத்திருந்தது.

அந்த வேலையைச் செய்தவர்களில் பாணந்துறையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் (1922-1996) முக்கியமானவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றிய அவரது ஆங்கில நூல் 1953இல் வந்தது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கான பேராசிரியரானார். பி.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தந்தார். தைக்கா ஷுஐப் ஆலிம் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூல், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அறபு, அறபுத்தமிழ், பாரசீகம் வளர்த்தவர்களைப் பதிவு செய்தது. உடத்தலவின்னை பீ.எம். புன்னியாமீன் (மறைவு 2016) இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்களின் விபரங்களைத் தொகுதி தொகுதியாகத் திரட்டினார். தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதினார்.

இந்த நூல்கள் வந்த பிறகே, அவற்றில் உள்ள பலரைப் பற்றிக் கலைக்களஞ்சியங்களில் எழுத ஓர் ஆதாரம் கிடைத்தது.

விக்கிப்பீடியாவில் இதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். ஒருவரைப் பற்றி, அவரோடு சம்பந்தமில்லாத நம்பகமான பிறர் விரிவாக எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். கல்விமான்களுக்குத் தனி அளவுகோலும் உண்டு: அவரது ஆய்வு துறையில் தாக்கம் செலுத்தியதா, உயர்ந்த விருது பெற்றாரா, முக்கியமான கல்விக் கழகத்தின் தலைமையில் இருந்தாரா என்பன போல. ஒன்று பொருந்தினாலே போதும். உவைஸ் இதில் சிரமமின்றித் தேறுவார்.

ஆனால் இந்த அளவுகோலும் சறுக்கும். கனடாவின் இயற்பியலாளர் டொனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய கட்டுரை வரைவு, போதிய ஆதாரம் இல்லை என்று 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதன் பிறகே கட்டுரை வந்தது. இத்தனைக்கும் 2013இல் அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்கு அவர் தலைவராக இருந்தவர். அவரது தகுதி மே மாதத்திலும் ஒக்டோபரிலும் ஒன்றுதான். அவரைப் பற்றிப் பிறர் எழுதியதுதான் கூடியது.

நமது ஆலிம்களின் நிலையை இங்கிருந்து விளங்கிக்கொள்ளலாம். அவர்கள் ஓதிக்கொடுத்தார்கள், அச்சிடவில்லை. எழுதியவர்களும் அறபுத்தமிழில் கையால் எழுதி வைத்தார்கள். 1990இல் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தபோது கிதாபுகளையும் கொப்பிகளையும் யார் தூக்கிக்கொண்டு போவது? திரும்பி வந்தபோது வீடே இல்லாதவர்களுக்குக் கடதாசி எங்கே மிஞ்சும்? ஆகவே, கலைக்களஞ்சியத்தில் பெயர் இல்லை என்பதை அந்த மனிதரின் தராதரத்துக்கான தீர்ப்பாக எடுக்கக் கூடாது. சாட்சி இல்லை என்பதே அதன் பொருள்.

அதற்காக, சாட்சி கேட்பதே அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. இஸ்னாத் கேட்ட சமூகம் நாம். இமாம் புகாரியின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனியிடம் அவருடைய தகப்பனைப் பற்றிக் கேட்டபோது, இது மார்க்க விஷயம் என்று சொல்லி, தகப்பன் ஹதீஸில் பலவீனமானவர் என்றே பதில் தந்தார். பேரப்பிள்ளை எழுதும் புகழுரையை மட்டும் வைத்து ஒருவரைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றலாகாது என்ற விதி நமக்கு அந்நியமானதல்ல.

எனவே விக்கிப்பீடியாவில் எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவை:

1. மௌத்தான ஆண்டிலிருந்து தொடங்குவோம். மீஸான் கல், மரணச் சான்றிதழ், பள்ளிவாசல் கூட்டப் பதிவு, நிகாஹ் பதிவு ஆகியவற்றைப் படம் எடுத்து வைப்போம்.

2. அவரிடம் ஓதியவர்கள் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் பேச வைத்துப் பதிவு செய்வோம். யார் சொன்னது, எந்தத் திகதியில் என்று குறிப்போம். கேட்டது வேறு, கண்டது வேறு. இரண்டையும் கலக்காமல் எழுதுவோம்.

3. கறையான் அரித்திருந்தாலும் கிதாபுகளை வீசவேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற இடங்களில் பிரதி சேர வழி உண்டு.

4. பாடசாலை, பள்ளிவாசல் மலர்களில் வாழ்த்துச் செய்திகளுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்த வரலாறுகளுக்குக் கொடுப்போம். பிற்காலத்தில் எழுதப்போகிறவர் கையில் எடுப்பது அந்த அச்சுப் பக்கத்தைத்தான்.

5. வீட்டுத் திண்ணையில் குர்ஆன் ஓதிக்கொடுத்த உம்மாமாரை மறக்க வேண்டாம். ஸகாவி அவர்கள் ஒரு பாகம் ஒதுக்கினார்கள். நாம் ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் சில பெயர்கள் கலைக்களஞ்சியத்தில் ஏறாமல் போகலாம். போகட்டும். ஊரின் வரலாற்றில் அவை எழுத்தாக இருக்கும். நேரில் ஓதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். கிடைப்பதைக் கீழே எழுதுங்கள், அல்லது பள்ளிவாசலில் கொண்டுவந்து தாருங்கள்.