போர்த் திரைப்படம்

போரையோ அதன் நேரடி விளைவையோ மையமாகக் கொண்ட திரைப்பட வகை. போர்க்களம் திரையில் தெரிந்தாக வேண்டுமா என்பதே இதில் தீராத வழக்கு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) பற்றி ஐயமில்லை. ‘காசாபிளாங்கா’வை (1942) பலர் போர்க்காலக் காதல் கதை என்றே கொள்வர். இசாவோ தகஹாதாவின் அசைவூட்டப் படமான ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ (1988) படைவீரர்களைப் பின்தொடர்வதில்லை. கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபின் ஓர் அண்ணனும் சிறு தங்கையும் பட்டினியில் மெல்லச் சாவதைக் காட்டுகிறது. இப்படத்தை விலக்கும் எந்த வரையறையும் குறையுடையதே. சிறந்தது எது என்றால் எலெம் கிளிமோவின் ‘கம் அண்ட் சீ’ (1985) முன்நிற்கத் தகும். 1943-ஆம் ஆண்டின் பெலாரூஸில், கொரில்லாப் படையில் சேர்ந்த சிறுவனின் முகம் சில நாள்களுக்குள் கிழடுதட்டிப்போகிறது. அந்நாட்டில் மக்களோடு சேர்த்துக் கொளுத்தப்பட்ட 628 ஊர்களைப் படத்தின் இறுதி எழுத்துகள் நினைவூட்டுகின்றன.