கேட்பதும் கேட்க வைப்பதும்

1987-ல் ராஜபாளையத்தில் வீட்டுக்கு ஒரு ஆம்ப்ளிபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கப் போனபோது கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: 'எத்தனை வாட்ஸ் வேணும் ஸார்?' அறை எவ்வளவு பெரிது, என்ன பாட்டு, யார் கேட்கப்போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. என் கையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய். சங்கீத ஞானம் கொஞ்சமும் விஞ்ஞானம் அதைவிடக் கொஞ்சமும் இருந்த எனக்கு அந்தக் கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றியது. அதன் பின்னால் அரை நூற்றாண்டுச் சரித்திரம் நின்றுகொண்டிருந்தது என்பதை உணர எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

ஒலிபெருக்கிக்கு இரண்டு வம்சங்கள் உண்டு. 1915-ல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர், காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருளோடு ஒரு குழாயைப் பொருத்திப் பார்த்தார்கள். 1919-ல் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஸான் டியாகோவில் பெருங்கூட்டத்தின் முன் பேசியபோது அவர் குரலைக் கடைசி மனிதன்வரை கொண்டுசேர்த்தது இந்த வகைக் கருவிதான். 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற வேறு இருவர் குழாயை நீக்கிவிட்டு, ஒரு காகிதக் கூம்பை நேரடியாகக் காற்றை அசைக்கவிட்டார்கள். இன்றுவரை வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அதன் பிள்ளைகள். ஒன்று மைதானத்துக்கானது, மற்றது அறைக்கானது. மேற்கே இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஜனங்களின் காதுக்கு வந்து சேர்ந்தன. நமக்கு மைதானம் முதலில் வந்தது. அறை வெகு தாமதமாக வந்தது.

1930-களிலேயே காங்கிரஸ் கூட்டங்களில் பம்பாய் சிகாகோ ரேடியோ கம்பெனியின் ஒலிபெருக்கிகள் இருந்தன. காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் அந்தப் பெயரைப் படிக்கலாம். 1940-ல் டில்லியில் தொடங்கிய அகுஜா கம்பெனியின் பெட்டிகள் பிற்பாடு நம் ஊர்தோறும் மைக்செட் கடைகளில் குடியேறின. கல்யாணம், சடங்கு, பொங்கல் விழா, கட்சிக் கூட்டம், டூரிங் டாக்கீஸ் எல்லாவற்றுக்கும் குழாய்தான். மற்ற தேசங்களில் ரேடியோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பொருள். நம் கிராமங்களில் அதுகூடப் பஞ்சாயத்து ரேடியோவாக, பூங்காவிலோ ஆபீஸ் மாடியிலோ கட்டிய குழாய் வழியாகத்தான் பேசியது. ஆக, ஆம்ப்ளிபையர் என்பது ஒருவன் தான் கேட்பதற்காக வைத்துக்கொள்வது என்ற எண்ணம் எழ இங்கே சந்தர்ப்பமே இருக்கவில்லை. அது பிறரைக் கேட்க வைப்பதற்கான சாதனம். எவ்வளவு தூரத்துக்குக் கேட்க வைக்கும் என்பதே அதன் மதிப்பு. கடைக்காரரின் கேள்வி இந்த மதிப்பீட்டிலிருந்து பிறந்தது.

குழாய் எதையும் அப்படியே தருவதில்லை. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை அது ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. 1933-ல் இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் மைக் இல்லாத நாடக மேடைக்கு உருவானது. கடைசி வரிசைக்கு எட்டவேண்டுமென்றால் ஸ்ருதியை ஏற்றித்தான் ஆகவேண்டும். மைக் வந்ததும் அந்த நிர்ப்பந்தம் போயிருக்க வேண்டும். தாழ்ந்த குரலும் அந்தரங்கமான குரலும் சாத்தியமாகியிருக்க வேண்டும். ஸ்டூடியோவில் அது சாத்தியமாயிற்று. தெருவில் குழாய் பழைய சட்டத்தையே திரும்பக் கொண்டுவந்தது: மேலே இருப்பது பிழைக்கும், கீழே இருப்பது சாகும்.

இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மார்கழியை உதாரணம் சொல்வேன். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்த திருப்பாவைப் பாசுரங்களை எம்.எல். வஸந்தகுமாரியின் குரலில் விடியற்காலைக் குழாயில் கேட்டு வளர்ந்தவன் நான். எம்.எல்.வி.யின் குரல் கீழ் ஸ்தாயியில் கனம் கொண்டது. குழாய் அந்தக் கனத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை ஊருக்குக் கொடுத்தது. பிற்பாடு என் அறையில் அதே பாட்டைக் கேட்டபோது வேறு யாரோ பாடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். அதே மார்கழியில் ஆண்டாள் கோயிலுக்குள் அத்யயன உத்ஸவத்தில் அரையர் குல்லாயோடு நின்று, கையில் தாளத்தோடு பாசுரம் சேவிப்பார். அந்தத் தாளத்தின் ஒலி மண்டபத்தோடு முடிந்துவிடும். கேட்க விரும்புகிறவன் கிட்டே போய் நிற்க வேண்டும். கேட்பவனைத் தேடிப் போகும் சப்தம், கேட்பவன் தேடிப் போகும் சப்தம் இரண்டும் ஒரு மதில்சுவருக்கு இப்புறமும் அப்புறமுமாக இருந்தன.

மேடைத் தமிழும் குழாயின் பிள்ளைதான் என்பது என் அபிப்பிராயம். சப்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. நூற்றெழுபது மீட்டர் தள்ளிக் கட்டிய குழாயிலிருந்து பேச்சாளனின் வார்த்தை அரை விநாடி கழித்து அவனிடமே திரும்பி வரும். அவன் நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடியும். நீண்ட வாக்கியம் தன்மேல் தானே மோதிக்கொள்ளும். எதுகையும் மோனையும் பாதி வார்த்தை காற்றில் போனாலும் மீதியை ஊகிக்க உதவும். அந்த நடையை வெறுத்தே நம்மில் பலர் எழுத வந்தோம். நூறு பேர் படிக்கும் பத்திரிகையை அறைக்குள் பேசும் குரல் என்று பெருமையாக நினைத்துக்கொண்டோம். ஸ்டீரியோ வாங்கப் போனபோது இந்தப் பெருமையும் என்னோடு கடைக்கு வந்தது.

ஸ்டீரியோ என்ற எண்ணமே ஒரு தனிமனிதனைக் கற்பித்துக்கொள்கிறது. 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் அதற்குக் காப்புரிமை கோரியபோது அதன் அடிப்படை, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான். 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் மேற்கே கடைக்கு வந்தன. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் இளையராஜாவின் 'ப்ரியா' (1978) என்று பொதுவாகச் சொல்வார்கள். கேட்க வழி? சோனோடைன், காஸ்மிக் போன்ற உள்நாட்டுக் கம்பெனி செட்டுகள் என் போன்றவனின் பல மாதச் சம்பளம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் ஒரு வழி. உள்ளூர்க் கடையில் அஸெம்பிள் செய்வது மற்றொரு வழி. வந்த ஸ்டீரியோவும் நம் வழக்கத்துக்கு வளைந்துகொடுத்தது. டீக்கடையில் ஒரு ஸ்பீக்கர் உள்ளே, ஒன்று வாசலில். வாசலில் நின்று டீ குடித்தவன் பல வருஷங்கள் பாட்டின் வலது பாதியை மட்டும் கேட்டான்.

பெட்டி செய்யக் காசில்லாதவர்கள் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தார்கள். இதைக் கேலி செய்யக் கூடாது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் இழுக்கும் காற்றும் சந்தித்தால் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். கீழ் ஸ்தாயி முதலில் போய்விடும். இரண்டையும் பிரித்துவைப்பதே பெட்டியின் வேலை. பானை அதைச் செய்கிறது, கொஞ்சம் தன் சொந்த நாதத்தையும் சேர்த்துக்கொண்டு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ரூவியஸ் நாடக அரங்குகளில் வெண்கலக் கலசங்கள் வைக்கச் சொல்லி எழுதியதும் இதற்குத் தூரத்து உறவுதான்.

என் கணக்கு இப்படிப் போயிற்று. ஆம்ப்ளிபையரின் சக்தியை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறிய வித்தியாசம். இரு மடங்கு சப்தமாகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆனால் ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 84 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிபையரை நான்கு மடங்காக்கியதற்கு அது சமம். பத்துக்குப் பத்து அறையில் நாம் பெரும்பாலும் ஒரு வாட்டுக்குள்தான் கேட்கிறோம். ஆகவே சானலுக்குப் பத்து வாட் தரும் சாதாரண அஸெம்பிள் செட், டிரான்ஸ்பார்மர் மட்டும் கனமாக. மிச்சப் பணம் முழுவதும் எட்டங்குல ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும், ட்வீட்டர்களுக்கும், ஆசாரி கெட்டிப் பலகையில் இழைத்துக் கொடுத்த பெட்டிகளுக்கும். கடைக்காரருக்கு இதில் திருப்தி இல்லை. 'தெருமுனை வரைக்கும் போகாது ஸார்' என்றார். போக வேண்டாம் என்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவுசெய்த கேஸட்டை அன்றிரவு போட்டேன். 'ஜானி' (1980) படத்துப் பாட்டு ஒன்று. ஏழு வருஷம் டீக்கடைகளில் கேட்ட பாட்டு. பல்லவிக்கு அடியில் பேஸ் கிதார் தனியாக ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போயிற்று. அந்த வாத்தியத்தின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். என் ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழே இறங்கா. ஆனாலும் ஊரே தினமும் கேட்ட பாட்டில் ஊரே கேட்டிராத ஒரு பகுதி இருந்தது என்பது நிச்சயமாயிற்று. அண்ணனைக் கூப்பிட்டு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உட்காரவைத்தேன்.

'நல்லாத்தான் இருக்கு தம்பி. கொஞ்சம் கூட்டி வையேன்' என்றார். கூட்டினேன். 'இன்னும் கொஞ்சம்.' ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பச் சொன்னார். எனக்குக் காது கூசியது. அவருக்கு வார்த்தை இன்னும் தெளியவில்லை. 'குழாயில கேட்டா பளிச்சுன்னு இருக்கும்' என்றார். இருபது வருஷம் நூற்பாலையில் இருந்தவருக்கு ரசனை அப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர் பஞ்சாலை ஊராக வளர்ந்தது. அண்ணன் இருந்தது பிற்காலத்தில் வந்த ஒரு சிறிய ஆலை. எந்த ஊர் ஆலையாக இருந்தாலும் ரிங் பிரேம்கள் ஓடும் கூடத்தில் 90 டெசிபல் சர்வசாதாரணம். எட்டு மணி நேரம், வருஷக் கணக்கில். அப்படி அடிபட்ட காது எல்லா ஸ்தாயியையும் ஒரே மாதிரி இழப்பதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுகிறது. பிறகு அது அகலமாகிறது. ச, த, க போன்ற வல்லினங்களின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் வசிக்கிறது. வல்லினம் மழுங்கினால் உயிரெழுத்துக்கள் மட்டும் மிதக்கும். பாட்டு கேட்கும், வார்த்தை கேட்காது. பின்னாளில் மதுரையில் அண்ணனின் காதைச் சோதித்த வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைக் கண்ணால் பார்த்தேன். ட்வீட்டருக்கென்று நான் தனியே கொடுத்த காசு அதில்தான் விழுந்திருந்தது. கீழ் ஸ்தாயியை விழுங்கிவிட்டு நடுவையும் மேலையும் முன்னே தள்ளும் குழாய், அந்தக் காதுக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. நான் ரசனை என்று தீர்ப்பெழுதியது ஒரு காயத்தை.

குழாயின் அத்துமீறலை நான் இப்போதும் ஆதரிக்கவில்லை. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கியைத் தடை செய்தது நியாயமே. ஆனால் இரைச்சலை விரும்புகிறவர்கள் என்று ஒரு ஜனத்திரளைப் பற்றி நாம் எழுதிய வாக்கியங்களைத் திரும்பப் படிக்கிறபோது, அவர்கள் பகலெல்லாம் எந்த இரைச்சலில் நின்றார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அறைக்குள் பேசும் குரலுக்கு ஒரு அறையும் அடிபடாத காதும் வேண்டும். இரண்டும் எனக்குக் கிடைத்திருந்தன. அவற்றை என் ரசனையின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

இன்று சக்தி மலிந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் கிளாஸ்-டி சர்க்யூட் ஒன்று, அன்று மைக்செட்காரர் இருவர் தூக்கி வந்த பெட்டி கொடுத்ததைக் கொடுக்கிறது. நல்ல ஸ்பீக்கரும் நல்ல பெட்டியும் மலியவில்லை. குறைந்த பணத்தில் வாங்குகிறவனுக்கு இன்றும் நான் சொல்வது, பணத்தை ஸ்பீக்கரில் போடு என்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல இப்போது வேறொன்றும் இருக்கிறது.

2015-ல் அண்ணனுக்குக் காது மெஷின் வாங்கினோம். அதுவும் ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரு செட்தான், சுண்டுவிரல் நுனியளவு. அதைப் பொருத்திய பெண் எத்தனை வாட்ஸ் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு ஸ்தாயியாக ஒலியை அனுப்பி, 'இது கேட்குதா ஐயா? இது?' என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கேட்காததை மட்டும் கூட்டினார். 1987-ல் பெட்டி வாங்கப் போவதற்கு முன்னால் நான் அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.